மஞ்சள் சதுரம்

எடுத்த படம் எல்லாவற்றிலும் என் முகம் மங்கல். எனக்குப் பின்னால் சுவரில் தொங்குகிற என் வீட்டுக்காரி வடிவு மட்டும் பளிச்சென்று விழுந்திருக்கிறாள். சட்டத்துக் கண்ணாடியில் வைத்த குங்குமம் தெரிகிறது, பிளாஸ்டிக் மாலையில் படிந்த தூசி தெரிகிறது, அவளுக்கு முன்னால் நாற்காலியில் விறைத்து உட்கார்ந்திருக்கிற நான் மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்ட மாதிரி. கேமராவைக் குறை சொல்ல முடியாது. புதுசு. மகன் குமரேசன் சவுதியில் தம்மாமிலிருந்து ஊருக்கு வந்த ஒருத்தரிடம் கொடுத்தனுப்பியது. போனில் முகத்தைக் காட்டிக்கொண்டு பாடம் எடுத்தான். பொத்தானைப் பாதி அமுக்குங்கப்பா, மஞ்சள் சதுரம் ஒண்ணு வரும், அது யார் முகத்துல நிக்குதோ அவங்கதான் தெளிவா விழுவாங்க, அப்புறம் மீதியையும் அமுக்குங்க. பாதி அமுக்குவதை எனக்கா சொல்லிக் கொடுக்கிறான். வேலை பார்த்த காலமெல்லாம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவன் நான். லீவரை அரை விரல்கடை தள்ளி, லாரி அளவு பெட்டியைக் கப்பல் தளத்தில் முட்டை வைக்கிற மாதிரி வைத்தவன். பாதி எனக்குத் தெரியும். மீதிதான் தகராறு. தானாகப் படம் எடுத்துக்கொள்கிற வசதி ஒன்று இருக்கிறது. பொத்தானை அமுக்கிவிட்டுப் போய் உட்கார வேண்டியது. சிவப்பு விளக்கு சிமிட்டும், சிமிட்டும், பிறகு அவசர அவசரமாகச் சிமிட்டும், எனக்கு அந்த அவசரம் பிடிக்கவில்லை, அப்புறம் சடக். ஆனால் நான் நாற்காலிக்குப் போவதற்கு முன்னாலேயே மஞ்சள் சதுரம் முடிவு பண்ணிவிடுகிறது. அறையில் இருக்கிற ஒரே முகத்தைத் தேடிப் போய் அதில் நின்றுகொள்கிறது. அது படம், ஆள் இல்லை என்று மெஷினுக்கு யார் சொல்வது. கழற்றியும் பார்த்தேன். அவளை எடுத்துக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு வந்து அமுக்கினேன். அந்தத் தடவை ஆணி தெளிவாக விழுந்தது. சுவரில் அடித்த ஆணி. அதைச் சுற்றி உதிர்ந்த சுண்ணாம்பு வரைக்கும். அவளைத் திரும்ப மாட்டினேன். கேமராவைப் பைக்குள் போட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இப்போது வி.இ. ரோட்டில் ஒரு பைக்கடையில் நிற்கிறேன். பை வாங்கு பை வாங்கு என்று குமரேசன் உயிரை எடுக்கிறான். புதுக் கேமராவை யாராவது பிளாஸ்க் பையில் வைப்பார்களா என்கிறான். வைத்தால் என்ன. அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்கிறது. நீலத் துணிப் பை, உள்ளே வெள்ளிக் காகிதம் மாதிரி ஒன்று வைத்துத் தைத்தது, சூடு போகாமல் இருக்க. வடிவு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்த மாதங்களில் கஞ்சி பிளாஸ்க் இதில்தான் போனது. அவள்தான் மாட்டிக்கொள்வாள், நோயாளி நீயா பையா என்று நான் சத்தம் போட்டாலும் தரமாட்டாள். ஆள் குட்டை. வார் நீளமாக இருக்கிறது, முழங்காலில் இடிக்கிறது என்று நடுவில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள். அந்த முடிச்சோடு நான் மாட்டினால் பை என் அக்குளில் வந்து நிற்கிறது, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. முடிச்சை அவிழ்த்தால் தீர்ந்தது. அவிழ்க்கலாம். நகம் வைத்து ஒரு நெம்பு நெம்பினால் வந்துவிடும். அவிழ்க்கவில்லை. அதனால்தான் புதுப் பை. கடைக்கார அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, என்ன வேணும் அண்ணாச்சி என்றாள். கேமரா பை என்றேன். அண்ணாச்சி போட்டோ பிடிக்கிறவுகளா என்றாள். இல்லை என்றேன். கல்யாண வீட்டுக்கா, டூருக்கா, யாருக்கும் தாறதுக்கா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே மேல்தட்டிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிப் போட்டாள். வாயால் இப்படிப் பேசிக்கொண்டே கையால் வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல், கொஞ்சம் பொறாமையும். என் வாய் அந்தக் கிரேன் கேபினுக்குள்ளேயே மூடிப்போனது. மேலே தனியாள், எஞ்சின் சத்தம், பேசினால் யாருக்குக் கேட்கும். மண்டைக்குள் ஓடுவதுதான் நிற்பதில்லை.

முதல் பை கறுப்பு. பாதுகாப்பாம். மூடியை உரித்தாள், பர்ரென்று ஒரு சத்தம். ஒட்டுப் பட்டை. எனக்கு இடது கை மேல்பக்கம் இறுகியது. நிஜமாகவே இறுகியது. ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு நர்ஸ் பட்டையை உரிக்கிறாளே, அதே சத்தம். ஒவ்வொரு தடவையும் உரித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டு போவாள், கேட்டால் டாக்டர் சொல்வார் என்பாள். போன வாரம் டாக்டர் சொன்னார். திரையில் என் நெஞ்சைக் காட்டி, இங்கே அடைப்பு, இங்கே அடைப்பு, இது பாதி, இது முக்கால் என்று பேனாவால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். அங்கேயும் பாதி. சாம்பல் கலரில் கிளை கிளையாக, இலை உதிர்ந்த முருங்கை மாதிரி இருந்தது. பயப்படாதீங்க, இப்ப இது சாதாரண ஆபரேஷன் என்றார். அவருக்குச் சாதாரணம். வெளியே வந்ததும் மேஜையில் இருந்த பெண், ஆவுடையப்பன், நீங்கதானா, கூட யார் வருவாங்க என்று கேட்டாள். வருவாங்க என்றேன். யாரு, பேரு சொல்லுங்க, சேர்க்கிற அன்னைக்கு ஒருத்தர் கூட இருக்கணும் என்றாள். மகன் என்றேன். மகனுக்கு லீவு கிடைத்து அவன் வந்து இறங்குவது நாளை மறுநாள் ராத்திரி. சேர வேண்டியது நாளைக் காலை. திருநெல்வேலி போய்ப் படுத்துவிட்டால், அவன் வரும்வரை அந்தக் கட்டில் பக்கத்து ஸ்டூல் காலியாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். இது வேண்டாம் என்றேன். ஏன் அண்ணாச்சி, நல்ல பை என்றாள். சத்தம் என்றேன். அவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வேறு ஒன்றை எடுத்தாள். சிவப்பு. சிவப்பை நான் பார்க்கவே இல்லை. அதற்கடுத்தது ஏகப்பட்ட அறைகள், பாட்டரிக்கு ஒன்று, அட்டைக்கு ஒன்று, துணிக்கு ஒன்று, எதை எங்கே வைத்தோம் என்று தேடியே மீதிக் காலம் போய்விடும்.

நாலாவதோ ஐந்தாவதோ, சாக்கு நிறத்தில் ஒன்று. கெட்டித் துணி, பித்தளை வளையம். கப்பலில் மூட்டை கட்டுகிற தார்ப்பாய் மாதிரி தொட்டால் கைக்கு இதமாக இருந்தது. இதைப் பிடித்துவிட்டது. மாட்டிப் பாருங்க என்றாள். தோளில் போட்டேன். அப்படி இல்லை அண்ணாச்சி, ஒரு பக்கமாத் தொங்கவிட்டா பஸ்ஸுல அத்துக்கிட்டுப் போயிருவானுங்க, குறுக்க போடுங்க என்று அவளே வாரைத் தூக்கித் தலைவழியாகப் போட்டுக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள். பார்த்தேன். வார் இடது தோளில் ஆரம்பித்து நெஞ்சு நடுவே குறுக்காகப் போய் வலது இடுப்பில் இறங்கியது. நெஞ்சுக்கு நடு. டாக்டர் பேனாவை வைத்துக் காட்டிய அதே இடம். இங்கே திறப்போம், எலும்பைக் கம்பி போட்டுக் கட்டுவோம், அது ஒட்டுகிற வரைக்கும் நெஞ்சு மேல் எந்த வாரும் போடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. எதற்கு நான் பை வாங்குகிறேன். கண்ணாடியில் இருக்கிற கிழவன் பயணம் கிளம்புகிறவன் மாதிரி நிற்கிறான். ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மூணு மாசத்துல கடற்கரைக்கு நடந்து போங்கப்பா, கப்பலை எடுங்க, கொக்கை எடுங்க என்கிறான் குமரேசன். அவனுக்குத் தெரியாது, இந்தக் கேமராவில் எனக்குத் தேவை ஒரே ஒரு படம். நாளை அங்கே போய்த் திரும்பி வரவில்லை என்றால் மாட்டுவதற்கு. அவ்வளவுதான். வடிவுக்கு நடந்தது எனக்கு நடக்கக் கூடாது. அவள் போனபோது வீட்டில் அவள் தனியாக இருக்கிற படம் ஒன்று கிடையாது. எடுக்கவே இல்லை. யாருக்குத் தோன்றியது. வாக்காளர் அட்டையில் இருந்தது அவள் இல்லை, எவளோ. கடைசியில் குமரேசன் கல்யாணக் கூட்டப் படத்திலிருந்து அவளை வெட்டி எடுத்தார்கள். ஸ்டுடியோக்காரன் முகத்துக்குச் சுண்ணாம்பு அடித்தான். நெற்றியில் பெரிசாகப் பொட்டு வைத்தான், அவள் அவ்வளவு பெரிய பொட்டு வைத்ததே இல்லை. பக்கத்தில் நின்ற சம்பந்தியம்மாளை அழித்தான், ஆனால் முழுக்க அழிக்கவில்லை, வடிவு தோளுக்குப் பக்கத்தில் யாருடையதோ ஒரு பட்டுச் சேலை ஓரம் ஜரிகையோடு இன்னும் நிற்கிறது. கண் வேறு, கேமராவைப் பார்க்கவில்லை. பந்தியில் யாருக்கு இலை விழவில்லை என்று ஓரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சுவரிலிருந்து இன்றுவரைக்கும் யாருக்கோ இலை போடச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நேரே உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்ப்பதில்லை. நானும் அப்படி யார் தோளையாவது ஒட்டிக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் தொங்க வேண்டுமா. நேராகப் பார்க்கிற ஒரு படம். என் முகம் என் முகமாக. இதைக் கேட்பது பேராசையா.

வார் உங்க அளவுக்குக் குறைக்கட்டுமா, இல்ல வேற யாரும் தூக்குவாகளா என்று கேட்டாள் கடைக்கார அம்மா. வளையத்தில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். யார் தோளுக்கு. கூட யார் வருவாங்க. எல்லாப் பெண்களும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அப்போது தோன்றியது. இவளையே கேட்டால் என்ன. கேமரா கையில் இருக்கிறது, கடையில் வெளிச்சம் இருக்கிறது, ஒரு படம் எடுத்துக் குடும்மா என்றால் எடுத்துவிட்டுப் போகிறாள். பாதி அமுக்கு, சதுரம் வரும், மீதி அமுக்கு. வாய் வரைக்கும் வந்தது. எதுக்கு அண்ணாச்சி என்பாள். அவள் எதற்குமே எதுக்கு என்று கேட்கிற ஜாதி. சொல்ல வேண்டும். சொன்னால், அய்யோ அப்படிப் பேசாதீங்க, நூறு வருஷம் இருப்பீங்க என்பாள். அந்தப் பேச்சைக் கேட்பதற்கு ஆணியைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். ஸ்டுடியோவுக்கும் போன வாரம் போனேன். வாசல்வரை. பாஸ்போர்ட் சைஸா, ஸ்டாம்ப் சைஸா என்று உள்ளே இருந்த ஆள் கேட்டான். சைஸ் என்ன சொல்வது, சுவர் சைஸ் என்றா. பக்கத்தில் வடிவை வெள்ளையடித்த மாதிரி யாரோ ஒருத்தரை வெள்ளையடித்துச் சாய்த்து வைத்திருந்தான். திரும்பி வந்துவிட்டேன். போனில் நானே எடுத்தும் பார்த்தாயிற்று, மூக்கு மட்டும் முன்னால் வருகிறது. தலைவழியாக வாரைக் கழற்றினேன். கழற்றும்போது காதில் மாட்டியது. இப்ப வேண்டாம்மா, வந்து வாங்கிக்கிறேன் என்றேன். எங்கே போய்விட்டு வந்து என்று நான் சொல்லவில்லை, அவளும் அதிசயமாகக் கேட்கவில்லை. சாக்குப் பையை மட்டும் மேல்தட்டில் ஏற்றாமல் கல்லாப் பக்கம் தனியாக வைத்தாள். நீலப் பையைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

வெயில் சாய்ந்துவிட்டது. நடந்தால் மூச்சு வாங்கும், ஆட்டோவில் ஏறினால் வாய் பேசுவான், நடந்தேன். கடல் பக்கமிருந்து கருவாட்டு வாசனையோடு காற்று. ரயில்வே கேட் தாண்டினால் தூரத்தில் கிரேன்கள் தெரியும், இப்போது இருக்கிறதெல்லாம் பெரிசு, எங்கள் காலத்தது ஒன்றும் இல்லை. மேலே கேபினில் உட்கார்ந்தால் கப்பல் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. விளிம்பில் ஒருத்தன் நிற்பான், சிக்னல்காரன், அவன் கைதான் எனக்குக் கண். கட்டைவிரல் மேலே, தூக்கு. கீழே, இறக்கு. கையை நீட்டி எந்தப் பக்கம் காட்டுகிறானோ அந்தப் பக்கம் திருப்பு. கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் மெள்ள மெள்ளச் சேர்த்தால், கொஞ்சமே கொஞ்சம், பாதி, அதில் பாதி. முஷ்டியை மடக்கி உயரத் தூக்கினால், அப்படியே பிடி. காரணம் கேட்கக் கூடாது. பிடித்த பிறகுதான் மற்றதெல்லாம். மேலேயிருந்து பார்த்தால் எல்லாருமே குள்ளம்தான், என் சிக்னல்காரன் அதிலும் குள்ளம், வடிவு உயரம்தான் இருப்பான். ஆனால் அந்தக் கை பொய் சொன்னதில்லை. ஒரு மழை நாளில் அந்த முஷ்டி தூக்கினதால் கீழே ஒருத்தன் பிழைத்தான், நானும் ஜெயிலுக்குப் போகாமல் இருந்தேன். அவன்தான் இப்போது பக்கத்து வீட்டுக்காரன். சேர்ந்து மனை வாங்கி, சேர்ந்து கட்டினோம், நடுவில் ஒரே சுவர். அவனுக்குப் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு உண்டு, இரண்டையும் சொல்வதில்லை. பேச்சு நின்றதோடு பெயரும் நின்றது. முனிசிபாலிட்டித் தண்ணீர்க் குழாயில் மோட்டாரை மாட்டி இழுத்தான். எனக்குச் சொட்டு. கேட்டேன். ஊரே மாட்டியிருக்கு, உமக்கு மட்டும் என்ன என்றான். அதற்கு நான் ஒன்று சொன்னேன், அவன் ஒன்று சொன்னான். நின்றது நின்றதுதான். ரெண்டு பேருக்குமே சிக்னலை நம்பிப் பழக்கம், நிறுத்து என்றால் நிறுத்திவிடுவோம், எடு என்று சொல்ல நடுவில் ஆள் இல்லை. வடிவு மட்டும் சுவர் வழியாக அவன் வீட்டம்மாளோடு கிண்ணம் மாற்றிக்கொண்டே இருந்தாள், கிறிஸ்துமஸுக்கு அங்கேயிருந்து வரும், பொங்கலுக்கு இங்கேயிருந்து போகும். என் சண்டை அவளுக்குச் சண்டையே இல்லை. அவளைத் தூக்கின அன்று அவன் வந்தான். உயரம் பொருந்தாமல் பாடை அவன் பக்கம் சாய்ந்தது, அப்படியும் தோள் மாற்றிக் கொடுக்காமல் சுடுகாடு வரை வந்தான். நான் பார்த்தேன். அதற்குப் பிறகு கிண்ணமும் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் விளக்கைப் போடவில்லை. டியூப் லைட்டில் நான் ஏற்கெனவே போய்விட்டவன் மாதிரி விழுகிறேன். சன்னல் வெளிச்சம்தான் சரி, அது இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். பின்கட்டில் வெளிச்சம் இதைவிட நன்றாக இருக்கும், ஆனால் அங்கே உட்கார்ந்தால் அவன் மொட்டைமாடியிலிருந்து தெரியும். மேஜை மேல் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் கேமராவை வைத்தேன். பாதி. மஞ்சள் சதுரம் வடிவு மேல் போய் உட்கார்ந்தது. எங்கே என்று தேடக்கூட இல்லை, வீட்டு நாய் மாதிரி நேரே போகிறது. போ, என்றேன். மீதி. ஓடினேன். உட்கார்ந்தேன். சிமிட்டல். சடக். எழுந்து போய்ப் பார்த்தேன். மங்கல். நாற்காலியை முன்னால் இழுத்தேன். அமுக்கினேன், ஓடினேன். காதுக்கும் தோளுக்கும் நடுவே அவள் தெளிவு. ஓரமாகத் தள்ளினேன். அமுக்கினேன், ஓடினேன். பாதி முகம் வெட்டுப்பட்டு அதுவும் மங்கல். நாற்காலியில் தலையணையை நிறுத்தி வைத்து, அதைக் குறி வைக்கட்டும், பிறகு தலையணையைத் தூக்கிவிட்டு உட்காரலாம் என்று யோசனை. தலையணைக்கு முகம் இல்லையாம், மதிக்கவில்லை. வெளிச்சம் இறங்கிக்கொண்டே இருக்கிறது. சட்டை முதுகில் ஒட்டியது. இன்னொரு தடவை. அமுக்கிவிட்டு வருகிற வழியில் நெஞ்சில் அது வந்தது. குத்தல் இல்லை, ஒரு பிடி. உள்ளே யாரோ முஷ்டி மடக்கின மாதிரி. நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிவப்பு விளக்கு அவசரப்படுகிறது. உட்காரு என்கிறதா, போ என்கிறதா. சடக். நிற்கிற கிழவனின் இடுப்பு விழுந்திருக்கும். இங்கேயே விழுந்தால் யார் எப்போது பார்ப்பார்கள் என்று நினைத்தேன். நாளை மறுநாள் ராத்திரி, குமரேசன். அதுவரை இந்தக் கேமரா மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும், அதுவும் என்னைப் பார்க்காது. மாத்திரை மேஜையில். ரெண்டு எட்டு. எடுத்து நாக்குக்கு அடியில் வைத்தேன். கசப்பு இறங்கிற்று. பிடி மெதுவாக விட்டது. விட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது, மறுபடி கேமராப் பக்கம் திரும்பினேன். அப்போது சன்னலுக்கு வெளியே, சுவருக்கு அந்தப் பக்கம் மொட்டைமாடியில், காய்ந்த துணிகளை ஒரு கையில் அள்ளிக்கொண்டு அவன் நின்றான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ. இன்னொரு கை மேலே உயர்ந்திருந்தது. முஷ்டி.

அப்படியே நின்றேன். நான் நிற்கவில்லை, உடம்பு நின்றது. கால் எட்டு வைக்கப் போன இடத்தில் நின்றது, கை பொத்தானுக்கு மேல் அந்தரத்தில் நின்றது. முஷ்டி மாடிச் சுவருக்கு அப்பால் இறங்கி மறைந்தது. துணியை எங்கே போட்டானோ. மாடிப்படி, அவன் கேட், என் கேட், அதற்கு எண்ணெய் போடவில்லை என்று கத்தியது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது, மாடியில் தெரியவில்லை. முதலில் வடிவைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு வாளியை, கேமராவை, நாற்காலியை, தலையணையை. ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியைக் கையால் காட்டினான். போய் உட்கார்ந்தேன். கேமராவுக்குப் பின்னால் குனிந்தான், பொத்தான் மேல் விரலை வைத்தான், வைத்த வேகத்தைப் பார்த்தாலே தெரிந்தது முழுசாக அமுக்கப் போகிறான் என்று. வாய் திறந்து சொல்லலாம். பாதி அமுக்கு என்று ரெண்டு வார்த்தை. வரவில்லை. கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் தூக்கிக் காட்டி மெள்ள மெள்ளச் சேர்த்தேன். ஒரு நொடி பார்த்தான். வேலைக்காலம் முழுக்க அவன் எனக்குக் காட்டினது, நான் அவனுக்குக் காட்டுகிறேன். உதடு ஓரம் லேசாகக் கோணிற்று. விரல் பாதியில் நின்றது. பிறகு அவன் இடது கை எழுந்தது. வலப்பக்கம் நீட்டினான், திரும்பினேன். கட்டைவிரல் மேலே, தாடையைத் தூக்கினேன். இரு விரல் சேர்ந்தது, இன்னும் கொஞ்சம், அதில் பாதி. எனக்கு அவன் முகம் தெரியவில்லை, கைதான் தெரிந்தது. கேபினில் இருந்தது போலவே இருந்தது, அந்தரத்தில், பாரத்தோடு, ஆனால் பயமில்லாமல். முஷ்டி உயர்ந்தது. மூச்சைப் பிடித்தேன். சடக்.

திரையை இரண்டு பேரும் பார்த்தோம். என் முகம். ஒவ்வொரு மயிரும், கன்னத்துத் தழும்பும், கண்ணில் ஈரமும். நேரே பார்க்கிறேன். தோளுக்குப் பின்னால் வடிவு மங்கலாக, ஒரு நிறமாக மட்டும். முதல் தடவையாக அந்தப் பட்டுச் சேலை ஓரம் தெரியவில்லை. எதுக்குவே இது, என்று கேட்டான். குரல் பழையது, கரகரப்பு மட்டும் புதுசு. தாடையால் சுவரைக் காட்டினேன், அவளுக்குப் பக்கத்தில் காலியாக இருக்கிற இடத்தை. அவன் அந்த இடத்தைப் பார்த்தான். நான் நூறு வருஷப் பேச்சுக்குத் தயாரானேன். அவன் அதைச் சொல்லவில்லை.

“இது ஆகாது,” என்றான். “போலீஸ்காரன் மாதிரி முறைச்சிக்கிட்டு இருக்கீரு. அந்தம்மா பக்கத்துல இந்த மூஞ்சியையா மாட்டுறது. வந்தப்புறம் வேற எடுப்போம்.”

எங்கே போய் வந்தப்புறம் என்று நான் கேட்கவில்லை. தம்மாமுக்குக் கேட்க வேண்டுமே என்று நான் போனில் கத்துவது தெருக்கோடி வரைக்கும் கேட்கும், அவனுக்குக் கேட்காதா. அடைப்பு எத்தனை என்று கூடத் தெரிந்திருக்கும். கட்டிலில் கிடந்த நீலப் பையை எடுத்தான். அவனுக்கு அதை அடையாளம் தெரிந்தது, கை அதன் மேல் ஒரு கணம் நின்றது. வடிவு அவன் வாசல் வழியாகத்தானே அதை மாட்டிக்கொண்டு போவாள். கேமராவை உள்ளே வைத்து மூடி, தலைவழியாக வாரைப் போட்டான். முடிச்சோடு. பை அவன் இடுப்பில், சரியாக இருக்க வேண்டிய இடத்தில் வந்து நின்றது. வாரில் ஒரு விரல்கடை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கழற்றிக் கொடுக்கப் போகிறான் என்று கையை நீட்டினேன். கொடுக்கவில்லை.

“காலைல எந்தப் பஸ்ஸு?”

“முதல் பஸ்.”

அவனிடம் நான் பேசின வார்த்தை அது. அத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு பஸ்.

“சரி. கஞ்சி எங்க வீட்டுக்காரி வச்சுத் தருவா, உப்பு இல்லாம. நான் வந்து கேட்டைத் தட்டுறேன், நீரு பாட்டுக்குத் தனியா ஏறிப் போயிராதேயும்,” என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான். என் முகம் அவன் இடுப்பில் ஆடிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போயிற்று. இனி இன்றைக்கு நான் இன்னொரு படம் எடுக்க முடியாது, அதற்காகத்தான் எடுத்துக்கொண்டு போனான், அவனை எனக்குத் தெரியும். சன்னலில் வெளிச்சம் போய்விட்டது. விளக்கைப் போட்டேன். வடிவு எப்போதும் போல ஓரமாக, வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கோ இலை போடச் சொல்கிற பார்வை. அந்தப் பக்கத்துச் சுவரில் அவன் வீட்டு மோட்டார் ஓட ஆரம்பித்தது, உம்மென்று, வழக்கம்போல என் குழாயை உறிஞ்சிக்கொண்டு. கொஞ்ச நேரத்தில் நின்றது. பின்கட்டில் என் தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. இத்தனை வருஷமாக மூடியிருந்த வாய் ஒரு பெயரைச் சொல்லிப் பார்க்கத் திறந்தது. மங்கலாகத்தான் வந்தது முதலில். பாதி. பிறகு மீதியும்.

சூசை. சூசை மச்சாது.